கடலோரக் காணி: உறுதி யார் பெயரில்?

அட்டாளைச்சேனையில் காணிப் பேச்சு இல்லாத வீடு இல்லை. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இரண்டுக்கும் நடுவே அகலம் குறைந்த ஒரு மணல்மேடு. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடப்பது இந்த மேட்டில்தான். மகளுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கும் வழக்கம் இங்கே தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவானது. மூன்று பெண்பிள்ளைகளைப் பெற்ற தகப்பன் வளவை மூன்றாகப் பிரிக்கிறார். அடுத்த தலைமுறையில் அது ஒன்பதாகிறது. கிணறு ஒன்று, உரிமைக்காரர் பலர் என்ற நிலை வருகிறது.

இந்த நெருக்கடிக்குள்தான் இடம்பெயர்ந்த குடும்பங்களும் வாழ்கின்றன. 1990 இன் வன்செயலில் வயலையும் மேட்டுநிலத்தையும் விட்டு ஓடியவர்கள் இரு சமூகங்களிலும் இருக்கின்றனர். 2004 டிசெம்பர் 26 இல் கடல் ஏறியபோது கரையோர வளவை இழந்தவர்களும் இருக்கின்றனர். அன்று இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இவ்வாறு நிலமிழந்த விவசாயி இன்று மற்றவர் வயலில் கூலிக்கு நிற்கிறார். மகளோ மகனோ மத்திய கிழக்கிலிருந்து அனுப்பும் காசைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கிறார். அந்தக் காசுக்கு அவர் காணும் கனவு ஒன்றே: சொந்தமாக ஒரு துண்டு நிலம்.

அப்படிப்பட்டவரிடம் ஒருநாள் ஒரு தரகர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "கடற்கரைப் பக்கம் இரண்டு ஏக்கர் மலிவாக வருகுது காக்கா. பதினைந்து குடும்பம் சேர்ந்தால் எடுக்கலாம். ஆளுக்கு இருபது பேர்ச். மிச்சம் இருபது பேர்ச் பாதைக்கு" என்கிறார். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு ஏக்கர் என்பது 320 பேர்ச். ஆனால் காணி வாங்குவது பேர்ச் கணக்கோடு முடிகின்ற விடயமா?

இக்கேள்விக்குப் பதில் தேடும் முன், சேர்ந்து நிலம் வாங்கி ஒரு சமூகமாக வாழ முற்பட்ட வேறொரு கடலோரத்தை ஒருமுறை பார்த்து வருவோம். அது நமக்கு வெகு தொலைவில் இல்லை. கடலுக்கு அக்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே சுமார் பத்துக் கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும் ஆரோவில்தான் அது.

செம்மண் மேட்டில் ஒரு நகரம்

1968 பெப்ரவரி 28 ஆம் திகதி, தமிழ்நாட்டின் விழுப்புரம் பகுதியிலுள்ள ஒரு வறண்ட செம்மண் மேட்டில் ஏறத்தாழ ஐயாயிரம் பேர் கூடினர். 124 நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒவ்வொரு பிடி மண் அங்கே ஒரு தாழியில் இடப்பட்டது. நாடு, மதம், அரசியல் என்ற பிரிவுகள் இன்றி மனிதர்கள் ஒன்றாக வாழ ஓர் ஊர் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதைத் தொடக்கியவர் பாரிஸில் 1878 இல் பிறந்து புதுச்சேரியில் வாழ்ந்த மிரா அல்பாசா. 'அன்னை' என்று அழைக்கப்பட்டவர். நகரின் வரைபடத்தை ரோஜர் ஆஞ்சே என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வரைந்தார். ஐம்பதாயிரம் பேர் வாழ்வதற்கான நகரமாக அது திட்டமிடப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அங்கே வாழ்வோர் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். அவர்கள் ஏறத்தாழ அறுபது நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த மேடு பார்ப்பதற்கு அழகான இடமாக இருக்கவில்லை. மரங்கள் வெட்டப்பட்டு, மாரி மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு கடலுக்கு ஓடி, ஆழமான பள்ளங்கள் விழுந்து கிடந்த நிலம் அது. புதிதாக வந்தவர்கள் முதலில் செய்த வேலை வரம்பு கட்டி மழைநீரை மறித்ததும், மரம் நட்டதும் ஆகும். இலட்சக்கணக்கான மரங்கள் நடப்பட்டன. இன்று அது ஒரு காடு. ஓடிய நீரை நிற்க வைத்தால் நிலம் மீளும் என்பதற்கு அந்தக் காடே சாட்சி. நமது மேட்டுநில விவசாயிகளுக்கும் அதில் பாடம் உண்டு. எனினும் இக்கட்டுரை மரத்தைப் பற்றியதல்ல, மரம் நின்ற நிலத்தைப் பற்றியது.

விற்றவர்கள் யார்?

அந்த நிலம் யாருமற்ற நிலமாக இருக்கவில்லை. குயிலாப்பாளையம், இடையன்சாவடி, பொம்மையார்பாளையம், கோட்டக்கரை, ஆலங்குப்பம் முதலிய கிராமங்கள் அதைச் சுற்றியும் அதற்குள்ளும் இருந்தன. அங்கு வாழ்ந்தவர்கள் மழையை நம்பிக் கம்பு, வரகு, நிலக்கடலை பயிரிட்டவர்கள். முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்கள். 1960களின் நடுப்பகுதியிலிருந்து அவர்களது காணிகள் துண்டு துண்டாக விலைக்கு வாங்கப்பட்டன. நன்கொடைப் பணமே அதற்குப் பயன்பட்டது.

விளைச்சல் குறைந்த நிலம், கடன், மகளின் கலியாணம் என்று ஏழை விவசாயி நிலத்தை விற்பதற்கு எங்கும் இருக்கும் காரணங்கள் அங்கும் இருந்தன. பிற்காலத்தில் நகரம் வளரவும் நிலத்தின் விலை பல மடங்கு ஏறியது. அந்த ஏற்றத்தின் பயன் முன்னரே விற்றவனுக்குக் கிட்டவில்லை. விற்காமல் வைத்திருந்தவனுக்கும் இடையில் வாங்கி விற்றவனுக்குமே கிட்டியது. இன்று சுற்றுக் கிராமங்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் ஆரோவிலில் தோட்ட வேலை, கட்டட வேலை, பட்டறை வேலை செய்து சம்பளம் பெறுகின்றனர். பாடசாலைகளும் வைத்திய வசதிகளும் வந்துள்ளன. கிராமத்தவர் சிலர் ஆரோவில்வாசிகளாகவே சேர்ந்துள்ளனர். இவை நன்மைகள்தாம். ஆயினும் காணிக்காரன் கூலிக்காரனாவது ஒரு கையெழுத்தில் நடந்துவிடுகிறது. கூலிக்காரன் மறுபடி காணிக்காரனாவதற்கோ ஒரு தலைமுறை போதாமல் போகிறது.

இதனை நமது கரையோரத்தில் காணி வைத்திருப்பவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும். பொத்துவில் அறுகம்பையில் சுற்றுலா வளர்ந்தபோது கடற்கரைத் துண்டுகளுக்கு வந்த விலையை நாம் அறிவோம். இன்று தென்னையும் மணலுமாகக் கிடக்கும் நிலம் நாளை என்னவாகும் என்று விற்பவர் அறியார். வாங்குபவர் பெரும்பாலும் அறிவார்.

உறுதி யார் பெயரில் இருந்தது?

ஆரோவில் எவருக்கும் தனிச்சொத்து அல்ல, மனித குலம் முழுவதற்கும் உரியது என்பதே அதன் கொள்கை. கொள்கை உயர்ந்தது. ஆனால் காணிப் பதிவேட்டில் 'மனித குலம்' என்று பெயர் எழுத முடியாது. ஏதாவது ஒரு பெயரில்தான் பத்திரம் எழுத வேண்டும். ஆகவே நிலங்கள் ஸ்ரீ அரவிந்தர் சங்கம் என்ற பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் வாங்கப்பட்டன.

அன்னை உயிரோடிருந்தவரை இதனால் சிக்கல் எழவில்லை. 1973 நொவெம்பர் 17 இல் அவர் காலமானார். அதன் பின்னர் அங்கே வாழ்ந்தவர்களுக்கும் பத்திரத்தைக் கையில் வைத்திருந்த சங்கத்துக்கும் இடையே கடும் பிணக்கு மூண்டது. நிலத்தில் வியர்வை சிந்தியவர்கள் ஒரு பக்கம், நிலத்தின் சட்டப்படியான உரிமையாளர் மறு பக்கம். பிணக்கு முற்றி, 1980 இல் இந்திய அரசாங்கம் ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் நிர்வாகத்தைத் தன் பொறுப்பில் எடுத்தது. அதனை எதிர்த்து உயர் நீதிமன்றம் வரை சென்ற வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. அச்சட்டம் செல்லும் என்று 1982 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1988 இல் பாராளுமன்றம் ஆரோவில் அமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி சொத்துக்கள் யாவும் ஒரு சட்டபூர்வமான அமைப்பின் கைக்குச் சென்றன. ஆளுகைச் சபை ஒன்றும், சர்வதேச ஆலோசனைச் சபை ஒன்றும், வாழ்வோர் அனைவரும் கொண்ட வாசிகள் பேரவை ஒன்றும் ஏற்படுத்தப்பட்டன.

பிணக்கு அத்துடன் தீர்ந்துவிடவில்லை. 2021 டிசெம்பரில், பழைய வரைபடத்திலுள்ள வட்ட வீதியை அமைக்க மரங்கள் வெட்டப்பட்டபோது வாசிகள் இரு பிரிவாயினர். பசுமைத் தீர்ப்பாயம் 2022 இல் வேலைகளைத் தடுத்தது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் அத்தடையை நீக்கியது.

இதிலிருந்து நாம் பெறும் முதலாவது பாடம் இது: நல்லெண்ணத்தோடு தொடங்கும் கூட்டு முயற்சியிலும் 'உறுதி யார் பெயரில்' என்ற கேள்வியை முதல் நாளே கேட்க வேண்டும். தலைவர் நல்லவராக இருக்கலாம். அவருக்குப் பிறகு யார் என்பதை எழுத்தில் வைக்காவிட்டால், அவரது நல்ல குணம் அவரோடு போய்விடும்.

குடியிருப்பு வேறு, சொந்தம் வேறு

ஆரோவிலில் சேர விரும்புபவர் குறித்த ஒரு காலம் 'புதியவர்' என்ற நிலையில் வாழ வேண்டும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பின், வீடு ஒன்றைக் கட்டவோ பொறுப்பேற்கவோ அவர் தமது பணத்தைச் செலுத்துகிறார். ஆனால் அந்த வீடும் நிலமும் அவருடையவை ஆவதில்லை. அவர் அதன் காப்பாளர் மட்டுமே. அதை விற்கவோ, ஈடு வைக்கவோ, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவோ முடியாது. வெளியேறினால் போட்ட காசைத் திருப்பிக் கேட்கும் உரிமையோடு வெளியேறுவதில்லை.

ஓய்வூதியமும் சேமிப்பும் உள்ள ஐரோப்பியர் ஒருவருக்கு இந்த ஏற்பாடு பொருந்தக்கூடும். சொந்த விருப்பத்தோடு உடைமையைத் துறப்பவருக்கு அது ஒரு விடுதலையாகவும் இருக்கலாம். ஆனால் ஏற்கனவே எல்லாவற்றையும் இழந்து வந்த விவசாயக் குடும்பத்தை அவர்களோடு ஒப்பிட முடியாது. தாமாகத் துறந்தவரும் பறிகொடுத்தவரும் ஒருவரல்லர். ஆகவே 'எல்லோருக்கும் பொது' என்று சொல்லி உங்களிடம் காசு கேட்பவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நான் விலகினால் எனக்கு என்ன கிடைக்கும்? நான் இறந்தால் என் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? சங்கம் கலைந்தால் நிலம் யாருக்குப் போகும்?

கட்டிமுடித்த வீடுகூடக் கைக்கு வராமல் போகலாம் என்பதற்கு நமக்கு அருகிலேயே உதாரணம் உண்டு. சுனாமியால் பாதிக்கப்பட்டோருக்காக அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் ஐந்நூறு வீடுகள் கட்டப்பட்டன. அவை யாருக்கு, எந்த விகிதத்தில் என்ற கேள்வி எழுந்தது, வழக்கு வந்தது. வீடுகள் பல ஆண்டுகளாக உரியவர் கையில் சேராமல் பற்றை மண்டிக் கிடந்தன. உதவி செய்தவரின் மனம், கட்டியவரின் உழைப்பு, காத்திருந்தவரின் தேவை எல்லாம் இருந்தும் உரிமைப் பத்திரம் மட்டும் இல்லாததால் வந்த வினை அது.

கடல் கேட்கும் பங்கு

ஆரோவிலின் பெரும்பகுதி மேட்டில் இருந்தாலும், கடற்கரையிலும் அதற்குச் சில குடியிருப்புகள் உண்டு. 'குவையட்', 'ரெப்போ', 'எட்டர்னிட்டி' என்பன அவற்றின் பெயர்கள். கடைசிப் பெயருக்கு 'நித்தியம்' என்று பொருள். ஆனால் கடற்கரை நித்தியமானதாக இருக்கவில்லை. 1980களின் பிற்பகுதியில் தெற்கே புதுச்சேரியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அதன் பின் வடக்கேயுள்ள கரை அரிபடத் தொடங்கியது. புதுச்சேரி நகரின் மணற்கரை மறைந்து கல்லணையாயிற்று. அதற்கும் வடக்கே மீனவக் குப்பங்களும் ஆரோவிலின் கரையோரமும் நிலத்தை இழந்தன.

இதன் காரணத்தை நமது மக்கள் விளங்கிக்கொள்வது நல்லது. இந்தக் கரைகளில் அலைகள் சரிவாக வந்து மோதுவதால் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓர் ஆறு போலக் கரையோரமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. வருடக் கணக்கில் பார்த்தால் அது தெற்கிலிருந்து வடக்கே செல்கிறது. நடுவில் ஒரு சுவர் எழுப்பினால் தெற்குப் பக்கம் மணல் குவியும். வடக்குப் பக்கத்துக்கு வர வேண்டிய மணல் வராது. அலை மட்டும் வழக்கம்போல் வந்து, இருக்கும் மணலை அள்ளிச் செல்லும்.

இது அப்படியே ஒலுவிலில் நடந்ததை நாம் கண்ணால் கண்டோம். டென்மார்க் கடனுதவியுடன் அமைக்கப்பட்ட ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்து வைக்கப்பட்டது. துறைமுக வாயிலை மணல் மூடியது. அதற்கு வடக்கே ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் தின்றது. தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. கரைவலைத் தோணி ஏற்றி வைக்க இடமில்லாமல் மீனவர் தவித்தனர். தோப்பை இழந்தவரின் கையில் உறுதி பத்திரமாகவே இருக்கிறது. உறுதியில் சொன்ன நிலம்தான் தண்ணீருக்குள் இருக்கிறது.

ஆகவே இரண்டாவது பாடம்: கடலோரக் காணியின் கிழக்கு எல்லை நிலையானதல்ல. பழைய உறுதிகளில் 'கிழக்கு: கடல்' என்று எழுதியிருக்கும். நாற்பது வருடத்துக்கு முன் இரண்டு ஏக்கராக இருந்தது இன்று ஒன்றரை ஏக்கராக இருக்கலாம். பழைய உறுதியின் விஸ்தீரணத்துக்குக் காசு கொடுத்துவிட்டுப் புதிய கரையின் விஸ்தீரணத்தைப் பெறுகிறவர் ஏமாந்தவர் ஆவார்.

அக்கரையில் நாம் வாங்கலாமா? இக்கரையில் அவர்கள் வாங்கலாமா?

தமிழ்நாட்டில் உறவினர் இருப்பதால், "அங்கேயே ஒரு துண்டு வாங்கினால் என்ன?" என்று சிலர் கேட்கின்றனர். 1983 இலிருந்து அகதிகளாகச் சென்றவர்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றும் அங்குள்ள முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களுக்காகவும் இதனைச் சொல்ல வேண்டும். இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி, இலங்கைப் பிரசை ஒருவர் அங்கே அசையாச் சொத்து வாங்குவதற்கு இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு மட்டுமே விலக்கு உண்டு. இதனை மறைத்து, இந்திய உறவினர் ஒருவரின் பெயரில் வாங்கித் தருகிறேன் என்பவரின் பேச்சில் மயங்க வேண்டாம். பத்திரம் யார் பெயரிலோ, காணியும் அவருடையதே.

இலங்கையிலும் சட்டம் இதே போக்கில்தான் இருக்கிறது. முன்னர் வெளிநாட்டார் காணி வாங்கினால் காணியின் பெறுமதிக்குச் சமமான, அதாவது நூறு வீத வரி கட்ட வேண்டும் என்ற விதி இருந்தது. பின்னர் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கக் காணிச் சட்டம், வெளிநாட்டவருக்கும், அரைவாசி அல்லது அதற்கு மேற்பட்ட பங்கு வெளிநாட்டவரிடம் உள்ள கம்பனிகளுக்கும் காணியின் உரிமையைக் கைமாற்றுவதைத் தடை செய்தது. மாடிக் குடியிருப்பு, வாரிசுரிமை போன்ற சில விலக்குகள் மட்டுமே உள்ளன. அவர்கள் அதிக பட்சம் 99 வருடக் குத்தகைக்கு எடுக்கலாம்.

இதனால் ஒரு கெட்ட வழக்கத்துக்கு இடமுண்டாகிறது. வெளிநாட்டவரின் காசு, உள்ளூரவரின் பெயர். "உங்கட பெயர மட்டும் தாங்க, ஒரு தொகை தருவோம்" என்று கேட்பார்கள். இடம்பெயர்ந்து வறுமையில் வாடும் ஒருவருக்கு அது பெரிய தொகையாகத் தெரியும். ஆனால் சட்டத்தைச் சுற்றிப் போகும் இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் பாதுகாப்பு இல்லை. நாளை வழக்கு வந்தால் நீதிமன்றப் படியேற வேண்டியவர் பெயர் கொடுத்தவரே.

வாங்கத்தான் போகிறோம் என்றால்

இத்தனையும் சொல்வது, வாங்கவே வேண்டாம் என்பதற்காக அல்ல. கண்ணைத் திறந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே. பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

1. முதலில், அது தனியார் காணியா அரச காணியா என்று அறியுங்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை இஷ்டப்படி விற்க முடியாது. ஜயபூமி, சுவர்ணபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்ட அளிப்புக் காணிகளைக் கைமாற்றவும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் சம்மதம் வேண்டும். சம்மதமின்றி எழுதும் உறுதி வெறும் கடதாசி.

2. காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடப் பதிவைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈடு, வழக்கு, தடை ஏதும் பதியப்பட்டுள்ளதா என்பது அங்கே தெரியும். இதனை நீங்கள் நியமிக்கும் நொத்தாரிசு செய்ய வேண்டும். விற்பவரின் நொத்தாரிசு அல்ல.

3. அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு புதிதாக அளந்து படம் எடுங்கள். அளக்கும்போது அயற்காணிக்காரரும் நிற்கட்டும்.

4. 1981 ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். அதற்குள் கட்டடம் எழுப்ப அனுமதி வேண்டும். சுனாமிக்குப் பின் கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அறிவித்து, பிறகு அதைத் தளர்த்தினார்கள். விதி மாறும். ஆகவே வாங்கும் நாளில் உள்ள விதியைத் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

5. காணியை ஒருமுறை மட்டும் பார்க்காதீர்கள். கச்சான் காற்று வீசும் கோடையில் போய்க் கிணற்று நீரைக் குடித்துப் பாருங்கள். உவர்க்கிறதா என்று தெரியும். மார்கழி மாரியில் போய்ப் பாருங்கள். வெள்ளம் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

6. அங்கே வாடி போட்டிருப்பவர், தோணி இழுப்பவர், மாடு கட்டுபவர் யார் என்று விசாரியுங்கள். தடையின்றிப் பத்து வருடம் எதிராட்சி செய்தவர் உரிமை கோரலாம் என்பது 1871 ஆம் ஆண்டு முதலுள்ள சட்டம். மேலும், நமது துன்பத்துக்காக இன்னொரு ஏழையை எழுப்பிவிட்டுக் குடியேறுவது நீதியல்ல. 2010 யூலையில் பாணமையில் ராகம்வெல, சாஸ்திரவெல மக்கள் தமது கரையோர நிலங்களிலிருந்து விரட்டப்பட்டனர். காணியை விடுவிக்க அமைச்சரவை 2015 பெப்ரவரியில் தீர்மானித்தும், அவர்கள் தாமாகத் திரும்பிச் செல்ல 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த வேதனை நமக்குத் தெரியாததல்ல.

7. நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளுடன் எழுதப்படாத காணிப் பேரம் சட்டத்தில் நிற்காது. 1840 ஆம் ஆண்டிலிருந்து இதுவே விதி. விற்பனை உடன்படிக்கைக்கும் இது பொருந்தும். ஆகவே துண்டுக் கடதாசியில் எழுதி முற்பணம் கொடுக்காதீர்கள். எழுதிய உறுதியை உடனே பதியுங்கள். ஒரே காணியை இருவருக்கு விற்றால், முந்திப் பதிந்தவருக்கே சட்டம் கைகொடுக்கும்.

சேர்ந்து வாங்கும் மூன்று வழிகள்

பதினைந்து குடும்பம் சேர்ந்து வாங்குவதாயின் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, ஒரே உறுதியில் பதினைந்து பெயர். செலவு குறைவு. ஆனால் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது பிரிபடாத பங்கு. எந்தத் துண்டு யாருடையது என்று சட்டத்தில் இல்லை. ஒருவர் தமது பங்கை வெளியாருக்கு விற்கலாம். எந்தப் பங்குதாரரும் பங்கீட்டு வழக்குத் தொடரலாம். அந்த வழக்குகள் தகப்பன் தொடங்கி மகன் முடிப்பவை என்பது ஊரறிந்த விடயம்.

இரண்டாவது, ஒரு சங்கத்தின் பெயரில் வாங்குவது. ஆரோவிலுக்கு வந்த சிக்கல் இங்கேதான் வரும். சங்கம் சட்டப்படி பதிவு செய்யப்பட்டதாகவும், யாப்பில் விலகல், வாரிசு, கலைத்தல் பற்றிய விதிகள் தெளிவாக எழுதப்பட்டதாகவும் இருக்க வேண்டும். இவை இல்லாத சங்கத்துக்கு நிலம் வாங்கும் வேலை வேண்டாம்.

மூன்றாவது, முதலில் அளந்து பிரித்து, அனுமதி பெற்ற பிரிப்புப் படத்தின்படி குடும்பத்துக்கு ஓர் உறுதி எழுதுவது. செலவு கூடும். ஆனால் நிம்மதி உண்டு. பாதை, பொதுக் கிணறு, விளையாட்டிடம் ஆகியவற்றை மட்டும் பொதுவில் வைக்கலாம். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பொருத்தமானது இதுவே என்பது எமது கருத்து.

உறுதியில் மனைவியின் பெயரும் இடம்பெறட்டும். காசு அனுப்பியவள் மகளாயின் அவளது பெயர் இடம்பெறட்டும். நமது வழக்கத்தில் வீடு பெண்ணுக்கு உரியது. வாங்கும்போது மட்டும் ஆணின் பெயரில் எழுதுவது ஏன்? வெளிநாட்டில் இருப்பவர் அற்றோணித் தத்துவம் கொடுப்பதாயின், எந்தக் காணிக்கு, எந்த வேலைக்கு என்று குறித்துக் கொடுக்க வேண்டும். எல்லா அதிகாரமும் கொடுத்துவிட்டு அழுதவர்கள் பலர்.

பழைய வயலை மறவாதீர்

இறுதியாக ஒன்று. புதிய காணி தேடும் அவசரத்தில் விட்டுவந்த காணியின் உரிமையைக் கைவிட வேண்டாம். இடப்பெயர்வுக் காலத்தில் மற்றவர் பிடித்த நிலத்தில், பத்து வருட ஆட்சி என்ற வாதம் நமக்கு எதிராக வரலாம். யுத்தத்தால் தமது காணிக்குப் போக முடியாதிருந்த காலத்தைக் கணக்கில் எடுக்கலாகாது என்று 2016 இல் ஒரு விசேட சட்டம் கொண்டுவரப்பட்டது. அதிலும் வழக்கிடக் கால எல்லை இருந்தது. உங்கள் விடயத்துக்கு அது உதவுமா என்பதைச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆலோசனை தருகிறது. உறுதி தொலைந்தாலும் பதிவகத்தில் பிரதி இருக்கும். பசளை மானியத் துண்டு, ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டு, பழைய வட்டவிதானையின் கடிதம் எதுவாயினும் எறியாமல் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

கடலுக்கு அக்கரையில் உலகத்தையே ஒன்றாக்கும் கனவோடு நிலம் வாங்கியவர்களுக்கும் உறுதியும் எல்லையும் வழக்கும் வந்தன. நமது கனவு சிறியது. ஒரு வீடு, ஒரு கிணறு, நாலு தென்னை, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க ஒரு கடதாசி. கனவு சிறியது என்பதால் கவனம் சிறிதாகலாகாது. இன்னொரு முறை இழப்பதற்கு நம்மிடம் ஒன்றும் இல்லை.

சங்கக் கூட்டத்தில் கலந்துரையாட:

1. நமது கிராமத்தில் அண்மையில் கைமாறிய கரையோரக் காணிகள் எவை? வாங்கியவர் யார்? விற்றவர் இன்று எங்கே வாழ்கிறார்?

2. நமது உறுப்பினர்களில் விட்டுவந்த காணியின் பத்திரங்கள் உள்ளவர் எத்தனை பேர்? இல்லாதவர் பிரதி பெற நாம் எவ்வாறு உதவலாம்?

3. சேர்ந்து காணி வாங்குவதாயின், விலகுபவருக்கும் இறப்பவரின் பிள்ளைகளுக்கும் என்ன விதி வைப்போம்? அதை இன்றே எழுதிப் பார்ப்போமா?